நான் கெடுத்த கணிப்பொறிகள்

மன்ற மலருக்குக் கணிப்பொறியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். விடுதியில் எவர் அறையில் கணிப்பொறி நின்றாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டபடியால், இந்தச் சுமையும் என் தலையில் வந்து விழுந்தது. கணிப்பொறியின் பெருமையைப் பாடுவோர் பலர். அதன் வரலாற்றைக் கூறும் நூல்களும் பல. ஆனால் கணிப்பொறியைக் கெடுத்தவர்கள் மட்டும் வாய் திறப்பதேயில்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் முன்வந்திருக்கிறேன். இத்துறையில் எனக்கு அனுபவம் உண்டு, போட்டியும் இல்லை!

"கெடுத்தவன் கதையால் யாருக்கு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். பாசி படிந்த படி எது என்பது அதில் வழுக்கி விழுந்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். விழுந்தவன் வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டால், பின்னால் வருகிறவனும் அதே படியில்தான் விழுவான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிவிடுகிறேன். கணிப்பொறி கட்டுவது என்றால் ஏதோ பெரிய மந்திர வித்தை என்று எண்ண வேண்டா. தொழிற்சாலைகளில் செய்துவரும் உறுப்புகளைக் கடையில் வாங்கி, ஒன்றோடொன்று பொருத்தித் திருகாணியால் முடுக்குவதுதான் வேலை. கணக்கிடும் மூளை ப்ராசசர். வேலை நடக்கும்போது செய்திகளைத் தற்காலிகமாகத் தாங்கி நிற்பது ரேம். அணைத்த பின்பும் அவற்றைக் காத்து வைப்பது ஹார்ட் டிஸ்க். வீட்டு மின்சாரத்தை இவற்றுக்கு ஏற்ற குறைந்த அழுத்தமாக மாற்றிக் கொடுப்பது பவர் சப்ளை. இவை எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய பலகை மதர்போர்டு. அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் தகரப் பெட்டி கேபினெட். இந்த ஆறு பெயர்கள் தெரிந்தால் போதும்; கெடுக்கத் தொடங்கிவிடலாம்!

சாலையில் ஓர் அண்ணாச்சி

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை அறியாதவர் நம்மில் இலர். தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திவரும் தெரு அது. அதன் சந்து ஒன்றில் கணிப்பொறி பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நான் இந்த வேலையில் பாதியைக் கற்றேன். மீதிப் பாதியைக் கெடுத்துக் கற்றேன்.

எந்தப் பொறியைக் கொண்டு போனாலும் அண்ணாச்சி உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கமாட்டார். முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா இதுல என்ன செஞ்சிய தம்பி?" வந்தவர் மலையாளியானால், "அவசானம் எந்தா செய்தது?" என்பார். மொழி இரண்டானாலும் விடை ஒன்றுதான். நம்மவர், "ஒண்ணும் செய்யல அண்ணாச்சி, தானா நின்னு போச்சு" என்பார். அவர்கள், "ஒந்நும் செய்தில்லா" என்பார்கள். உலகத்தில் எந்தக் கணிப்பொறியையும் எவரும் தொட்டதேயில்லை. அவையெல்லாம் தாமாகவே இறந்துபோகின்றன!

அந்தப் பொய்யை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதன் விலை என்ன என்பதை வரிசையாகச் சொல்லுகிறேன்.

வெடித்த பெட்டி

என் முதற்பிழை ஓசையோடு அரங்கேறியது. பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் சிறிய நகர்த்து சுவிட்சு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் 115 என்றும் மறுபக்கம் தள்ளினால் 230 என்றும் எண் தெரியும். தூசி துடைக்கும்போது அதைக் கண்டேன். 115 என்று வைத்தால் மின்சாரம் பாதிதான் செலவாகும் போலும் என்று எண்ணினேன். விடுதிக்கு நன்மை செய்யும் உயர்ந்த நோக்கத்தோடு அதைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். வெடித்தது! அறை முழுவதும் புகையும் மீன் கருகிய நாற்றமும் பரவின.

நடந்தது இதுதான். அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 115 வோல்ட்டு. நம் நாட்டில் 230. அந்தச் சுவிட்சை 115-இல் வைத்தால், பெட்டிக்குள் வரும் குறைந்த அழுத்தத்தை இருமடங்காக்கும் சுற்று இணைந்துகொள்ளும். நம் ஊர் 230 வோல்ட்டை அதற்குள் விட்டால் அதையும் அது இருமடங்காக்க முயலும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் வழக்கமாக ஒவ்வொன்றும் 200 வோல்ட்டு தாங்கக் கூடியவை. அவை ஒவ்வொன்றின்மீதும் 325 வோல்ட்டு ஏறினால் வெடிக்காமல் என்ன செய்யும்? இன்று வரும் பவர் சப்ளைகள் பலவற்றில் அந்தச் சுவிட்சு இல்லை. வரும் அழுத்தத்துக்குத் தக்கபடி அவை தாமே சரிசெய்துகொள்ளுகின்றன. என்னைப் போன்றவர்களை எண்ணித்தான் அப்படிச் செய்தார்கள் போலும்.

பெட்டியைச் சுமந்துகொண்டு சாலைக்குப் போனேன். "கடைசியா என்ன செஞ்சிய தம்பி?" என்றார் அண்ணாச்சி. "ஒண்ணும் செய்யல அண்ணாச்சி" என்றேன். அவர் பெட்டியை மோந்து பார்த்தார். பின்புறம் திருப்பினார். ஒன்றும் பேசாமல் கட்டைவிரல் நகத்தால் அந்தச் சிவப்புச் சுவிட்சை 230-க்குத் தள்ளினார். 'டிக்' என்று ஓர் ஒலி. பெட்டி வெடித்த ஒலியைவிட அந்த 'டிக்' என் செவியில் பலமாகக் கேட்டது.

மீந்த திருகுகளும் மறந்த கம்பியும்

அடுத்து, நண்பர் ஒருவருக்காக நானே முழுவதும் கட்டிய கணிப்பொறி. வேலை முடிந்தபின் ஒன்பது சிறு பித்தளைத் திருகுகள் மீதியாயின. நிறுவனத்தார் தாராள மனத்தோடு கூடுதலாகக் கொடுத்துவிட்டனர் என்று மகிழ்ந்து பைக்குள் போட்டுக்கொண்டேன். பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு நொடி அசைந்து நின்றுவிட்டது.

மதர்போர்டின் அடிப்புறத்தில் ஈயப் பற்று வைத்த முனைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை தகரப் பெட்டியைத் தொட்டால் மின்சாரம் குறுக்குவழியில் ஓடிவிடும். ஆகவே பலகையைத் தகரத்திலிருந்து அரை விரல் உயர்த்தி நிறுத்தவே அந்தப் பித்தளைத் தூண்கள். வீட்டுக்கு அடித்தளம் மீந்துவிட்டது என்று எந்தக் கொத்தனாராவது மகிழ்வாரா? நான் மகிழ்ந்தேன். ஆபத்தை உணர்ந்து பவர் சப்ளை தானே அணைந்துகொண்டதால் பலகை பிழைத்தது.

தூண்களை வைத்து மறுபடி பூட்டினேன். இப்போது விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. திரையைக் குறை சொன்னேன். பக்கத்து அறைத் திரையைக் கடன் வாங்கி வந்தேன். அதையும் குறை சொன்னேன். மூன்றாவது திரையும் வந்தது. மூன்று திரைகளும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று யோசிக்க எனக்கு இரவு பதினொரு மணி ஆயிற்று. மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் அகன்ற கம்பியைச் செருகியிருந்தேன். ப்ராசசருக்கென்றே தனியாக ஒரு சிறு கம்பி உண்டு. நான்கு அல்லது எட்டு முனைகள் கொண்டது. அது மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மூளைக்கு உணவில்லை, கை கால்கள் மட்டும் ஆடின. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். பொறி எழவில்லையானால் நூற்றில் பெரும்பகுதி கம்பி சரியாகச் செருகாததே காரணம். விலையுயர்ந்த உறுப்பை ஐயுறுவதற்கு முன் விலையற்ற கம்பியை ஐயுறுங்கள். ரேமைச் செருகும்போது இரு முனைகளிலும் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தால் திரைக் கம்பியை அதில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் போயிருக்கிறேன்.

வெப்பமும் மழையும்

ப்ராசசரின் தலைமேல் ஓர் உலோகக் கட்டியும் விசிறியும் அமர்ந்திருக்கும். ப்ராசசரில் பிறக்கும் வெப்பத்தை அந்த உலோகம் வாங்கிக் காற்றில் விடவேண்டும். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் அவற்றிடையே நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் என்னும் பசையைத் தடவுகிறோம். பட்டாணி அளவு போதும். நான் தோசைக்குச் சட்னி ஊற்றுவதுபோல் ஊற்றினேன். அதோடு விட்டேனா? உலோகக் கட்டியின் அடியில் பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை உரிக்கவும் மறந்தேன். பொறி சிறிது நேரம் ஓடும், சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பிறகு அணைந்துவிடும். "ப்ராசசர் மோசம்" என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளை உரித்த பிறகு அது மிக நல்ல ப்ராசசர் ஆகிவிட்டது.

நம் ஊர் வானமும் கணிப்பொறிக்குப் பாடம் நடத்தும். ஜூனில் இடவப்பாதி மழை. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம். பிற்பகலானால் இடியும் மின்னலும். கடற்கரை ஈரத்தில் ரேமின் தொடுமுனைகள் மங்கிப்போகும். பொறி எழாமல் 'பீப், பீப்' என்று கத்தும். அதை நான் கூச்சல் என்று எண்ணிப் பல நாள் சினந்ததுண்டு. உண்மையில் அது பொறியின் பேச்சு. எத்தனை முறை, நீளமாகவா குறுகலாகவா என்பதைக் கொண்டு எந்த உறுப்பில் குறை என்று அது சொல்லுகிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அந்தக் குறி வேறுபடும்; கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ரேமைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் கத்தல் நின்றுவிடும்.

இடி இடிக்கையில் சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கவலையின்றித் தூங்கினேன் ஒருநாள். காலையில் இணையம் இல்லை. சுவிட்சு ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. மின்னலின் வேகத்துக்கு அந்தச் சிறு இடைவெளி ஒரு பொருட்டன்று. அதோடு அது மின்கம்பி வழியாகத்தான் வரும் என்ற விதியும் இல்லை. இணையக் கம்பியை நான் பிடுங்கவில்லை. அது அவ்வழியே வந்து மதர்போர்டின் அந்த ஒரு மூலையைக் கருக்கிவிட்டுப் போயிருந்தது. பிளக்கையும் பிடுங்க வேண்டும். இணையக் கம்பியையும் பிடுங்க வேண்டும்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைகள். பணம் கொஞ்சம் போயிற்று. மானம் கொஞ்சம் போயிற்று. இனிச் சொல்லப்போவது சிரிப்பதற்கு உரியதன்று.

நாற்பத்து மூன்று குரல்கள்

விடுதியில் ஆய்வு மாணவராக இருந்த அண்ணன் ஒருவர், விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் சிற்றூர்களில் அலைந்து முதியோர் பாடும் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்திருந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று பதிவுகள். அவருடைய கணிப்பொறி மெதுவாகிவிட்டது; விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார். "அரை நாள் வேலை, அண்ணா" என்றேன்.

அந்தப் பெட்டியில் இரண்டு ஹார்ட் டிஸ்குகள் இருந்தன. ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் பதிவுகள். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறுவனத்தார் செய்தவை. நிறுவும்போது திரையில் 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்று இரண்டு வரிகள் வந்தன. பூச்சியம் என்பதுதான் முதலாவது, ஆகவே அதில்தான் விண்டோஸ் இருக்கும் என்று முடிவு கட்டினேன். அந்த எண் எந்தச் செருகுவாயில் எந்த டிஸ்க் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உள்ளே இருப்பது என்ன என்பதை அது கூறாது. அழித்தேன், நிறுவினேன். இரவு திறந்து பார்த்தால் பழைய விண்டோஸ் மற்றொரு டிஸ்கில் அப்படியே இருந்தது. பதிவுகள் இல்லை.

அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பொறியை அணைத்துவிட்டு, அண்ணன் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்லுகிறேன். பாளையத்தில் உள்ள நம் பல்கலைக்கழக நூலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவன் வந்து நூற்பட்டியலை மட்டும் கிழித்தெறிந்துவிடுகிறான். எந்த நூல் எந்த அடுக்கில் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் நூல்கள் அடுக்கிலேயே இருக்கின்றன. பொறுமையுள்ளவர் ஒருவர் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துக்கொண்டே போனால் மறுபடி பட்டியல் எழுதிவிடலாம். ஹார்ட் டிஸ்கை விரைவாக அழிக்கும்போது நடப்பது இதுவே. கெடுதல் எப்போது வருகிறது? பட்டியல் இல்லாததால் எல்லா அடுக்கும் காலி என்று எண்ணி, புதிய நூல்களைக் கொண்டுவந்து பழையவற்றின் இடத்தில் வைக்கும்போது வருகிறது. அதன் பிறகு பழையது மீளாது.

நான் அணைக்கவில்லை, கதவையும் தட்டவில்லை. மறுநாள் அண்ணன் கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது" என்றேன். வேலை நடப்பதுபோல் தோன்றுவதற்காக அவருக்கு வேண்டிய மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். இழந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, அதே டிஸ்கிலேயே நிறுவினேன். அதில் அகப்பட்ட துண்டு துணுக்குகளையும் அதே டிஸ்கிலேயே சேமித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றவன், அந்தப் பூசணிக்காயின் மேலேயே சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் இப்படிக் கழிந்தது.

மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினேன். "கடைசியா என்ன செஞ்சிய தம்பி?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. டிஸ்க் தானா போச்சு."

அவர் அதை நம்பினார். டிஸ்கே பழுது என்று கொண்டு கம்பியை மாற்றினார், செருகுவாயை மாற்றினார், பலமுறை பொறியை ஓட்டி ஓட்டிச் சோதித்தார். ஒவ்வோர் ஓட்டத்திலும் விண்டோஸ் அந்த டிஸ்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருந்தது. நண்பகல் ஆயிற்று. அவருக்கு உணவு வந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. உடனே பொறியை அணைத்தார். டிஸ்கைக் கழற்றித் தம் பொறியில் இரண்டாவது டிஸ்காக மாட்டினார். அதில் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்து, கிடைத்ததை வேறொரு டிஸ்கில் சேர்த்தார். இரவு எட்டு மணிக்குக் கணக்குத் தெரிந்தது. முப்பத்தொரு பதிவுகள் முழுமையாக மீண்டன. ஏழு பதிவுகள் இடையிடையே அறுந்து கிடைத்தன. ஐந்து போயே போயின. "அன்னிக்கு ராத்திரியே அணைச்சிருந்தா அநேகமா எல்லாமே வந்திருக்கும் தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விடுதிக்குத் திரும்பி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன ஐந்தில் ஒன்று, பதிவு செய்த சில மாதங்களில் மறைந்துபோன ஒரு பாட்டியின் தாலாட்டு. மற்ற நால்வரையும் அவர் மறுபடி தேடிச் செல்லலாம். அந்தப் பாட்டியை எங்கே தேடுவார்? வேறு படி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். உதவித்தொகை வந்ததும் வெளி டிஸ்க் ஒன்று வாங்குவதாக இருந்தார். அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏம்டே, அன்னைக்கே சொல்லல?" என்றார். டிஸ்கை ஏன் அழித்தாய் என்று அவர் கேட்கவேயில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் கேட்டார். அதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை.

பெரியோரும் பிழையும்

இந்த வெட்கம் எனக்கு மட்டுந்தானா என்று பிறகு தேடிப் படித்தேன். கணிப்பொறியின் கதையே பிழைகளின் கதைதான் என்று கண்டேன். ஆனால் பிழையை நடத்திய முறையில்தான் வேற்றுமை இருந்தது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் பெரும் பொறி ஒன்று இருந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று அது பிழையாக நடந்தது. தேடிப் பார்த்தபோது 70ஆம் எண் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. வேலை செய்தவர்கள் அதைத் துடைத்தெறிந்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் இருக்கவில்லை. அந்தப் பூச்சியைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி, நேரமும் இடமும் எழுதி வைத்தனர். அந்த ஏடு இன்றும் வாசிங்டனில் அருங்காட்சியகப் பொருளாக இருக்கிறது. பொறியின் குறையைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததுதான். கண்ணால் கண்ட பூச்சி அதுவே.

நம் நாட்டுக்கு வருவோம். பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர் சிலர் சேர்ந்து முதன்முதலாக ஒரு கணிப்பொறியைக் கட்டினர். பின்னர் 'டிஃப்ராக்' என்று பெயர் பெற்ற அது 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட பொறி அது. ஆனால் அவர்கள் நேரே பெரிய பொறியில் கை வைக்கவில்லை. முதலில் சிறிய முன்மாதிரி ஒன்றைக் கட்டி 1956இல் ஓட்டிப் பார்த்தனர். சறுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சறுக்கிப் பார்ப்பதற்கு ஒரு சிறு பொறி! நானோ அண்ணனுடைய நாற்பத்து மூன்று குரல்களின் மேல் சறுக்கிப் பார்த்தேன்.

மறைத்தவர் கதையும் உண்டு. 1994இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் ப்ராசசர் சில வகுத்தற் கணக்குகளில் தவறான விடை தருவதைத் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் வெளிப்படுத்தினார். வகுப்பதற்காக உள்ளே பதித்திருந்த 1,066 இடங்கள் கொண்ட அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போனதே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. அவர் சொல்லும் முன்பே நிறுவனத்தார்க்கு அது தெரியும். ஆனாலும் ஊரறியச் சொல்லவில்லை. சாதாரண மனிதருக்கு 27,000 ஆண்டுகளில் ஒருமுறைதான் அந்தப் பிழை எதிர்ப்படும் என்று பிறகு சமாதானம் கூறினர். உலகம் ஒப்பவில்லை. டிசம்பரில், கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவிக்க நேர்ந்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டாலர். ஐந்து இடங்கள் விடுபட்டதற்கு அவ்வளவு விலை இல்லை; சொல்லாமல் இருந்ததற்குத்தான் அந்த விலை.

கடைசியாக நம் தும்பாவுக்கு வருகிறேன். இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவுகலம், 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவப்பட்டது. புறப்படும் முன் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு இருப்பதாகக் கணிப்பொறி தடுத்தது. வல்லுநர்களைக் கலந்துகொண்டு, அந்தத் தடையை மீறி ஏவ முடிவு செய்தவர் தாமே என்று கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார். 317 நொடிகளில் கலம் கடலில் விழுந்தது. செய்தியாளர் முன் அன்று அவரை நிறுத்தவில்லை. நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே முன்வந்து பொறுப்பேற்றார். என்ன தவறு என்று துருவி ஆராய்ந்தனர். 1980 சூலை 18 அன்று அதே வகைக் கலம் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் ஏற்றியது. அன்று செய்தியாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார் தவான். பொறி 'பீப்' என்று கத்தும்போதெல்லாம் இந்தக் கதையை நான் நினைத்துக்கொள்ளுகிறேன். தாம் மீறியதைத் தாமே சொன்ன பெரியவர் எங்கே, ஒரு சுவிட்சைத் தள்ளியதை ஒளித்த நான் எங்கே!

என் குறிப்பேடு

இப்போது என் மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. எவர் பொறியைத் திறந்தாலும் தேதி, செய்தது, கெடுத்தது மூன்றையும் அதில் எழுதுகிறேன். முதற் பக்கத்தில் எனக்கென்று வகுத்துக்கொண்ட விதிகள் உள்ளன. விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்குகளின் கம்பியைக் கழற்றிவிட்டே தொடங்குவேன். படி எடுத்து வைக்காத பொறியைத் தொடமாட்டேன். படியும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஏதேனும் அழிந்துவிட்டால் அந்த நொடியே அணைப்பேன். இப்போது பரவலாக வரும் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்குகளில் அழித்தது பெரும்பாலும் மீளவே மீளாது. ஆகவே படி எடுப்பது முன்னிலும் கட்டாயமாகிவிட்டது. உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவேன். பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்வேன். பவர் சப்ளையின் உட்பெட்டியை ஒருபோதும் திறக்கமாட்டேன். பிடுங்கிய பின்பும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

அண்ணன் அந்த நால்வரில் மூவரை மறுபடி கண்டு பதிவு செய்துவிட்டார். இரண்டு ஊர்களுக்கு நானும் அவரோடு போய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். இப்போது அந்தக் குரல்கள் மூன்று இடங்களில் பத்திரமாக உள்ளன. தாலாட்டு மட்டும் இல்லை.

சென்ற வாரம் ஒரு பொறியோடு சாலைக்குப் போனேன். அண்ணாச்சி தலை நிமிரும் முன்பே, "அண்ணாச்சி, ப்ராசசரைத் தப்பா வச்சு அழுத்திட்டேன், அடியில ரெண்டு முனை வளைஞ்சுபோச்சு" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தார். பத்து நிமிடத்தில் நிமிர்த்திவிட்டார். காசு வாங்கவில்லை.